வியர்வைக்கு ஊசி: அக்குளுக்கு ஒரு பதில், உள்ளங்கைக்கு வேறு பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் முப்பது வருடத்துக்கு மேல் டிரசராக, அதாவது தோட்ட மருந்தகத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தவன் நான். ஓய்வு பெற்று டவுனுக்குக் குடிவந்தும் ஆட்கள் விடவில்லை. காலையில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால் ஒருவர் வீங்கிய காலைக் காட்டுவார், இன்னொருவர் இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டுவார். போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். "வியர்வை நிக்கிறதுக்கு ஊசி இருக்காமே, போட்டுக்கலாமா?"

முதலில் வந்தது வங்கியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். இளநீலச் சீருடை. காலை பத்து மணிக்குள் இரண்டு அக்குளும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நனைந்துவிடுகிறதாம். அதனால் எந்நேரமும் ஒரு ஃபைலை விலாவோடு அணைத்துக்கொண்டே நடக்கிறாள். அடுத்து வந்தவன் பால்மரத்தை (ரப்பர் மரத்தை) குத்தகைக்கு எடுத்து வெட்டும் தம்பி. அவனுக்கு உள்ளங்கை. பேசும்போது கையை மேசையில் வைத்திருந்தான். எடுத்ததும் பார்த்தேன், ஐந்து விரலும் உள்ளங்கையும் ஈரமாக அப்படியே அச்சு விழுந்திருந்தது. தலைக்கு மேல் காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தும் அது காய நேரம் பிடித்தது. "பேங்க்ல மைகார்டு (அடையாள அட்டை) போட்டு கட்டைவிரல் வைக்கச் சொல்றாங்க ஐயா, மெஷின் எடுக்கவே மாட்டேங்குது. உளியும் வழுக்குது" என்றான்.

அவளிடம் "போட்டுக்கோம்மா" என்றேன். அவனிடம் "இப்போதைக்கு வேணாம் தம்பி" என்றேன். இருவரும் மாமன் மகள், அத்தை மகன் என்பது எனக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் சந்தித்துப் பேசியிருக்கிறார்கள். மறுநாளே அவன் வந்துவிட்டான். "அவளுக்கு மட்டும் சரின்னீங்களாம், எனக்கு என்ன குறைச்சல்?" அவனுக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் தோல் நிபுணர். எந்தக் கேள்விகளோடு அவர் முன்னால் போய் உட்கார வேண்டும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

## முதலில், இது அந்த வியர்வைதானா?

ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான்கு கேள்விகள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வியர்க்கிறதா? இருபத்தைந்து வயதுக்கு முன்பே தொடங்கியதா? தூங்கும்போது நின்றுவிடுகிறதா? அப்பா, அம்மா, சித்தப்பா யாருக்காவது இப்படி உண்டா? பெரும்பாலும் ஆமாம் என்றால், வேறு நோய் எதுவும் இல்லாமல் வியர்வை நரம்புகள் தாமாகவே அளவுக்கு மீறி வேலை செய்கின்றன என்று பொருள். "உடம்பு சூடு" என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்து இது நிற்காது. வெயிலே இல்லாத ஏர்கான் அறையில்கூட இவர்களுக்கு வியர்க்கும்.

நாற்பது வயதுக்கு மேல் திடீரென்று தொடங்கினாலோ, உடம்பு முழுக்க வியர்த்தாலோ, இரவில் பாய் நனைந்தாலோ, கூடவே எடை குறைந்தாலோ கதை வேறு. காசநோய், தைராய்டு, சர்க்கரை, மாதவிடாய் நிற்கும் பருவம், சில மனச்சோர்வு மாத்திரைகள் என்று பல காரணங்கள் வரிசையில் நிற்கும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்குக் குளிர்ந்த வியர்வை கொட்டினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், அது அவசரம். இரவு வியர்வை என்று என்னிடம் வந்தவர்களைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்பிய நாட்கள் உண்டு. அவர்கள் அழகு நிலையத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

இதைப் பிரித்துப் பார்க்க மலிவான வழி அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்தான். ஒரு ரிங்கிட் பதிவு. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். காத்திருக்க வேண்டிவரும். ஆனால் நோய் இன்னது என்று தெரிந்த பிறகு எங்கே பணத்தைக் கொட்டுவது என்று நிதானமாக முடிவு செய்யலாம்.

## எதை வைத்து எடை போடுவது

கிளினிக் விளம்பரங்கள் ஒரே ஒரு எண்ணைச் சொல்லும்: ஒரு தடவைக்கு இவ்வளவு. நான் பார்ப்பது வேறு. எந்த இடத்தில் வியர்க்கிறது, அந்தக் கையும் உடம்பும் பிழைப்புக்காக என்ன வேலை செய்கின்றன, ஒரு தடவை செய்தால் எத்தனை மாதம் தாங்கும், வருடக் கணக்கில் என்ன செலவு, சம்பளம் போகும் நாட்கள் எத்தனை, சரிப்படாவிட்டால் திரும்பி வர வழி இருக்கிறதா. கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். இதில் சில வழிகளில் போனால் திரும்பவே முடியாது.

## அலுமினியம் குளோரைடு கரைசல்

பாட்டி காலத்தில் அக்குளில் படிகாரம் தேய்ப்பார்கள். அதுவும் அலுமினிய உப்புதான். மருந்தகத்தில் டிரைக்ளோர் போன்ற பெயர்களில் கிடைக்கும் 20% அலுமினியம் குளோரைடு அதே குடும்பத்தின் முரட்டுப் பிள்ளை. வியர்வைக் குழாயின் வாயை அடைத்துவிடும்.

வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இதைக் காலையில் குளித்த கையோடு போட்டவர்கள். அப்படிப் போட்டால் எரியத்தான் செய்யும், ஏனென்றால் ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலமாகிறது. இரவு படுக்கப் போகும் முன், முழுக்கக் காய்ந்த தோலில் மட்டும் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் காத்தாடி முன் கையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்கலாம். காலையில் கழுவிவிட வேண்டும். முடி சிரைத்த அன்று கூடவே கூடாது. முதல் வாரம் தினமும், குறைந்த பிறகு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ இரவு.

மறைந்திருக்கும் செலவு துணியிலும் நகையிலும் வரும். சட்டையில் பட்டால் துணி கெடும், உலோகத்தில் பட்டால் பளபளப்புப் போகும். வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் போடுங்கள். அக்குளில் இது நன்றாகக் கேட்கும். உள்ளங்கைத் தோல் தடிப்பு என்பதால் அங்கே சுமார்தான். ஊசி பற்றிப் பேச வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, இதை ஒழுங்காக ஒரு மாதம் போட்டுப் பார்த்தாயா என்பது. அந்த வங்கிப் பெண் இரண்டு மாதம் போட்டுப் பார்த்துவிட்டு, சிவந்து உரிந்த அக்குளோடுதான் வந்தாள். அதனால்தான் அவளுக்கு அடுத்த படிக்குச் சம்மதம் சொன்னேன்.

## தண்ணீரில் மின்சாரம்

பெயர் கேட்டால் பயப்படுவார்கள். இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர், தட்டுக்கு ஒரு கை. மெல்லிய மின்னோட்டம் 20 நிமிடம் ஓடும். கையில் சுள்ளென்று எறும்பு ஊர்வது போல இருக்கும். வாரத்துக்கு மூன்று தடவை. பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பத்துத் தடவைக்குள் கை காயத் தொடங்கும். பிறகு வாரம் ஒரு தடவை போட்டால் நிற்கும், விட்டுவிட்டால் வியர்வை திரும்ப வரும்.

உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் இதுதான் என் முதல் தேர்வு. ஒரு முறை இயந்திரம் வாங்கினால் வருடக் கணக்கில் உழைக்கும். தோட்டப்புறத்தில் ஒரு சிக்கல் மட்டும் உண்டு. மழைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பிடித்து ஊற்றினால் மின்சாரம் சரியாகக் கடத்தாது, மழைநீரில் உப்புச் சத்து இல்லை. ஒரு சிட்டிகைச் சமையல் சோடா போட வேண்டும். கையில் கீறல் இருந்தால் அந்த இடத்தில் வாஸ்லின் தடவிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஊசி குத்துவது போல் இருக்கும். மோதிரம் கழற்ற வேண்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் பக்கத்தில்கூடப் போகக்கூடாது. எலும்புக்குள் கம்பி, தகடு வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. மோட்டார் சைக்கிள் விபத்தில் கையில் தகடு வைத்தவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

## ஊசி

எல்லோரும் "போட்டாக்ஸ்" என்று சொல்வது ஒரு கம்பெனி வைத்த வணிகப் பெயர்தான். மருந்தின் பெயர் பொட்டுலினம் நஞ்சு. கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு கிருமியின் விஷம். 1822-இலேயே ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற டாக்டர், கெட்ட தொத்திறைச்சி தின்று பாதிக்கப்பட்டவர்களைக் கவனித்து, இந்த விஷத்தைச் சிறு அளவில் மருந்தாக்கலாம் என்றும் அதிக வியர்வைக்கும் உதவலாம் என்றும் ஊகித்திருக்கிறார். அக்குள் வியர்வைக்கு இதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004-இல் அனுமதித்தது, அதுவும் தடவும் மருந்து பலனளிக்காத கடுமையான நிலைக்கு. ஊகத்துக்கும் அனுமதிக்கும் நடுவே 182 வருடம்.

வேலை செய்யும் விதம் எளிது. "வியர்" என்ற செய்தியை வியர்வைச் சுரப்பிக்குக் கொண்டுபோகும் பொருளை நரம்பு நுனியிலேயே இது வெளிவிடாமல் தடுக்கிறது. சுரப்பிக்குச் சேதம் இல்லை. மாதங்கள் கழித்து நரம்பு பழைய நிலைக்கு வந்ததும் வியர்வையும் வந்துவிடும். நிரந்தரம் இல்லை என்பது குறைதான். ஆனால் பிடிக்காவிட்டால் காத்திருந்தாலே பழையபடி ஆகிவிடும் என்பதும் அதே காரணத்தால்தான்.

அக்குளில். பக்கத்துக்கு 50 யூனிட் போட்டாக்ஸ், 10 முதல் 15 இடத்தில், தோலுக்குள்ளேயே நிற்கும்படி மெல்லிய ஊசி. எங்கே குத்துவது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய சோதனை உண்டு. நான் ஈப்போவில் என் மகளுக்குத் துணையாகப் போனபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். முடி நீக்கிய அக்குளில் அயோடின் பூசிக் காயவிட்டார்கள். மேலே சோளமாவு தூவினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வெள்ளை மாவில் ஒரு கரும்புள்ளி, பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் நாவற்பழத்தை நசுக்கினது போல அந்த இடமே கருநீலமாகிவிட்டது. எந்தச் சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்று தோலே வரைபடம் போட்டுக் கொடுத்தது. டாக்டர் பேனாவால் சுற்றிக் கோடு போட்டார். நாங்கள் உத்தேசமாக நினைத்திருந்த இடத்தைவிட அது பின்பக்கம் தள்ளி இருந்தது. இந்தச் சோதனை இல்லாமல் கண்பார்வையில் குத்துகிறவரிடம், ஏன் செய்யவில்லை என்று கேட்பதில் தவறில்லை. அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

வலி எறும்புக் கடி அளவு. அன்றே வேலைக்குப் போகலாம். இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கி இரண்டு வாரத்தில் முழுப் பலன். பெரும்பாலும் ஆறு ஏழு மாதம். சிலருக்கு நான்கு, அதிர்ஷ்டசாலிக்கு ஒரு வருடம். "அங்கே அடைத்தால் உடம்பில் சூடு தங்காதா?" என்று கேட்பார்கள். உடம்பில் இருபது லட்சத்துக்கு மேல் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன, அக்குளில் இருப்பது அதில் சிறு பகுதி. உடம்பைக் குளிரவைக்கும் வேலை பாதிக்காது. வேறு இடத்தில் கொஞ்சம் கூடுதலாக வியர்ப்பதாகச் சிலர் சொல்வதுண்டு.

உள்ளங்கையில். இங்கேதான் கணக்கு மாறுகிறது. கைக்கு 30 முதல் 50 குத்து. உள்ளங்கையின் வலி அக்குள் வலி அல்ல. மணிக்கட்டில் நரம்பை மரக்கவைத்தோ, பனிக்கட்டி வைத்தோதான் செய்வார்கள். மரத்துப்போன கையோடு மணிக்கணக்கில் மோட்டார் ஓட்ட முடியாது. ஆகவே கூட ஒரு ஆள், ஒரு காடி (கார்). இரண்டு கையையும் ஒரே நாளில் செய்தால் சாப்பாட்டைக்கூட ஊட்டிவிட வேண்டிவரும் என்பதால் ஒரு நாளுக்கு ஒரு கை என்று செய்பவர்கள் உண்டு. அப்படியென்றால் ஈப்போவுக்கு இரண்டு பயணம்.

அதைவிடப் பெரியது கட்டைவிரல். மருந்து தசைக்குள் இறங்கினால் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கிள்ளும் பலம் சில வாரங்களுக்குக் குறையலாம். சட்டைப் பித்தான் போடச் சிரமப்படுகிறவர் பொறுத்துக்கொள்வார். பால்மரம் வெட்டுகிறவருக்கு அந்த இரண்டு விரலில்தான் முழுப் பிழைப்பும் இருக்கிறது. பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பிடி. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்படும், கொஞ்சம் மேலோடு நின்றால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) பால் இறங்காது. உளி வழுக்குகிறது என்று வந்தவனுக்கு, உளியைப் பிடிக்கவே பலம் இல்லாத சில வாரங்களை எப்படிப் பரிந்துரைப்பேன்? பலன் நிற்கும் காலமும் அக்குளைவிடக் குறைவு, நான்கு முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுத்துவேலை செய்கிறவர், ஆசிரியர், பரீட்சைத் தாள் நனைகிற எஸ்.பி.எம். மாணவர் ஆகியோருக்கு மின்சாரத் தண்ணீர் கேட்காவிட்டால், நிபுணர் கையால் இது நியாயமான அடுத்த படி. மாணவராக இருந்தால் தேர்வுக்குப் பல வாரம் முன்பே செய்ய வேண்டும், தேர்வு வாரத்தில் அல்ல.

உள்ளங்காலில். வலி அதிகம், பலன் குறைவு. விட்டுவிடுங்கள்.

எந்தப் பெயர்? போட்டாக்ஸ், டிஸ்போர்ட், ஸியோமின் மூன்றும் ஒரே வகை நஞ்சு. ஆனால் யூனிட் கணக்கு ஒன்றல்ல. போட்டாக்ஸில் அக்குளுக்கு 50 என்றால் டிஸ்போர்ட்டில் 100 முதல் 200 வரை போகும். அதனால் "யூனிட் விலை எங்களிடம் பாதி" என்ற விளம்பரத்துக்கு அர்த்தமே இல்லை. ரிங்கிட்டையும் ரூபாயையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடுவது மாதிரி. இரண்டு அக்குளுக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எந்த மருந்து, எத்தனை யூனிட் என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். டிஸ்போர்ட்டில் பசும்பால் புரதத்தின் சுவடு இருக்கலாம், பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. ஸியோமினைத் திறக்காத நிலையில் 25 டிகிரி வரை அறை வெப்பத்தில் வைக்கலாம் என்பார்கள். நம் ஊரில் எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? எதுவாக இருந்தாலும் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து உங்கள் கண் முன் திறக்கச் சொல்லுங்கள். பெட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும். மூன்று பெயரில் எது என்பதைவிட, குப்பி அசலா, குத்துகிற கை பழகிய கையா என்பதில்தான் பலன் இருக்கிறது.

யாரிடம்? தோல் நிபுணர் முதல் தேர்வு. அழகுச் சிகிச்சை செய்யும் பொது டாக்டர் என்றால் சுகாதார அமைச்சு கொடுக்கும் எல்.சி.பி. சான்று அவரிடம் இருக்க வேண்டும். கேட்டால் காட்டுவார். முகம் கழுவிவிடும் அழகு நிலையத்தில், வீட்டு மாடியில், வாட்ஸ்அப் வழியாக வரும் "ஊசி அக்கா"விடம் வேண்டவே வேண்டாம். விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம், இலவசமாக இருந்தாலும் வேண்டாம்.

பணம். விலை கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். ஒரு பேச்சுக்கு இரண்டு அக்குளுக்கும் 2,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 என்கிற நாட்டில் அது ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். ஏழு மாதம் தாங்கினால் மாதம் 286 ரிங்கிட். ஐந்து வருடம் வறண்டே இருக்க வேண்டுமென்றால் ஒன்பது தடவை, 18,000. சின்ன மோட்டார் வாங்கிவிட்டுக் கையில் மீதியும் இருக்கும். எப்போதும் வேண்டுமா, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கல்யாணம் போன்ற காலத்துக்கு மட்டும் போதுமா என்று முடிவு செய்தால் கணக்கு இறங்கும். மருத்துவக் காப்புறுதி அட்டை வைத்திருந்தால், காப்புறுதிக் கம்பெனி இதை அழகுச் சிகிச்சை என்று ஒதுக்குமா என்று முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பொதியாக வாங்காதீர்கள். இது என் சொந்தச் சூடு. மூன்று தடவைக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், மகளுக்குக் கட்டினேன். இரண்டாவது தடவைக்குப் போனபோது கதவில் பூட்டு, கண்ணாடியில் வாடகைக்கு விடப்படும் என்ற தாள். பெயர் வேண்டாம். மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

யாருக்கு ஊசியே ஆகாது? கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், மையாஸ்தீனியா போன்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள். மருந்தில் மனித இரத்தப் புரதம் கலந்திருக்கிறது, அதில் ஒவ்வாமையோ கொள்கைத் தடையோ இருந்தால் முன்பே பேசுங்கள். ஜெண்டாமைசின் வகை ஊசி எடுத்துக்கொண்டிருந்தாலும் சொல்ல வேண்டும். பலன் போய்விட்டது என்று நான்கு மாதத்துக்குள் திரும்பத் திரும்பப் போட்டால் உடம்பு எதிர்ப்பு உண்டாக்கி மருந்து கேட்காமலே போகும் வாய்ப்பு இருக்கிறது.

## மாத்திரை

ஆக்ஸிபியூட்டினின், கிளைகோபைரோலேட் போன்றவை உடம்பு முழுக்க வியர்வையைக் குறைக்கும். மலிவு. முகம், தலை, முதுகு என்று பல இடத்தில் வியர்ப்பவருக்கு வசதி. ஆனால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், கண் மங்கலாகும். கண் நீரழுத்தம், புரஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து.

தோட்டத்து டிரசராக இதில் எனக்கு ஒரு பயம் உண்டு. செம்பனைக் குலை வெட்டுகிறவரும் மருந்து அடிக்கிறவரும் வெயிலில் பிழைத்திருப்பதே வியர்வையால்தான். அதை மாத்திரை போட்டு அடைத்தால் உடம்பு கொதித்துச் சுருண்டு விழுவார்கள். 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. சுப்பிங் என்பது அந்நாளில் கரும்புத் தோட்டம். அப்படிப்பட்ட வெயிலில் நிற்கிற ஆளுக்கு இந்த மாத்திரையை நான் கையால் எடுத்துத் தரமாட்டேன். ஏர்கானில் உட்காருகிறவர் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

## ஈ.டி.எஸ்.

நமக்கு ஈ.டி.எஸ். என்றால் ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயில். டாக்டர்களுக்கு அது நெஞ்சுக்குள் நரம்பை வெட்டும் அறுவை. மயக்க மருந்து கொடுத்து, விலாவுக்கு இடையே துளை போட்டுச் செய்வார்கள். கண் விழிக்கும்போதே கை காய்ந்திருக்கும். ஆனால் மிகப் பலருக்கு அந்த வியர்வை முதுகு, வயிறு, தொடை என்று இடம் மாறிவிடும். சிலருக்குப் பழைய தொல்லையே தேவலை என்று ஆகிவிடும். ரயிலுக்குத் திரும்பும் டிக்கெட் கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. எல்லாம் தோற்ற பிறகு, உள்ளங்கைக்கு மட்டும், இரண்டாவது டாக்டரின் கருத்தையும் கேட்ட பிறகு.

மைக்ரோவேவ் கதிரால் அக்குள் சுரப்பிகளை நிரந்தரமாகச் சுட்டுவிடும் மிராட்ரை என்ற முறையும் உண்டு. 2011 முதல் அமெரிக்காவில் அனுமதி. அக்குளுக்கு மட்டும்தான், செலவு பெரிது. ஊசியை நான்கைந்து தடவை போட்டுத் திருப்தியானவர், இனி வருடாவருடம் அலைய வேண்டாம் என்று நினைத்தால் யோசிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே கேட்கும் | எவ்வளவு காலம் | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தாது |
|---|---|---|---|---|
| அலுமினியம் கரைசல் | அக்குள் | போடும் வரை | எரிச்சல், துணி, நகை | புண், வெடிப்பு உள்ள தோல் |
| மின்சாரத் தண்ணீர் | உள்ளங்கை, உள்ளங்கால் | வாரம் ஒரு தடவை தொடர்ந்தால் | நேரம், பொறுமை | பேஸ்மேக்கர், கர்ப்பம் |
| அக்குள் ஊசி | அக்குள் | 6-7 மாதம் | திரும்பத் திரும்பப் பணம் | கர்ப்பம், தசைத் தளர்ச்சி நோய் |
| உள்ளங்கை ஊசி | உள்ளங்கை | 4-6 மாதம் | வலி, துணை ஆள், கிள்ளும் பலம் | கைப்பிடியால் பிழைப்பவர் |
| மாத்திரை | உடம்பு முழுக்க | எடுக்கும் வரை | வாய் வறட்சி, வெப்ப ஆபத்து | வெயிலில் உழைப்பவர், கண் நீரழுத்தம் |
| அறுவை | உள்ளங்கை | நிரந்தரம் | இடம் மாறும் வியர்வை | மற்ற வழிகளைப் பார்க்காதவர் |

## அந்த இருவர்

வங்கிப் பெண் ஈப்போவில் ஒரு தோல் நிபுணரிடம் நாள் வாங்கிவிட்டாள். உரிந்த தோல் ஆறட்டும் என்று இரண்டு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறார். அவள் கடைசியாகக் கேட்டது மருந்தைப் பற்றி அல்ல. "அங்கிள், அன்னைக்கு என்ன போட்டுக்கிட்டுப் போறது?" நல்ல கேள்வி. அயோடின் கறை துணியில் ஏறினால் போகாது. பழைய கறுப்பு டீ-ஷர்ட், தொளதொளவென்று. முந்தின நாளே முடி நீக்கிவிடு, அன்று காலை டியோடரண்ட் வேண்டாம், போகிற வழியில் சுடச்சுடத் தே தாரேக் வேண்டாம், சோதனையில் கோடு தப்பாகிவிடும்.

பால்வெட்டுத் தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இயந்திரத்தை எடுத்துப் போனான். என் மகள் ஒரு காலத்தில் கைக்கு வாங்கி, கட்டில் அடியில் கிடந்தது. முதல் நாளே போன். "ஐயா, ஒண்ணும் தெரியலையே, கெட்டுப் போச்சா?" என்ன தண்ணீர் என்றேன். தொட்டித் தண்ணீர். சோடா போடச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் மறுபடி போன், ஸ்பீக்கரில், கை தட்டில் இருப்பதால் அவன் மகள்தான் அழுத்தியிருக்கிறாள். "சுருக்குனு ஏறுது ஐயா!" இப்போது நான்கு தடவை ஆகியிருக்கிறது. கை இன்னும் ஈரம்தான். வலியைப் பற்றி அவனுக்குப் புகார் இல்லை. இருபது நிமிடம் இரண்டு கையும் தண்ணீரில் மாட்டிக்கொள்வதால் டிவி ரிமோட் மகள் கைக்குப் போய்விடுகிறதாம்.